காற்றா, இடைவெளியா, மாஸ்டரா? பெடல் இறங்கினால் யாரைச் சந்தேகிப்பது

போன மழைக்காலத்தில் என் பழைய காரின் பின்சக்கரத்தில் வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தில் பிரேக் ஷூவை வெளியே தள்ளும் பாகம்) கசிந்தது. இரண்டு பக்கமும் புது வீல் சிலிண்டர், புது பிரேக் ஷூ வாங்கி நானே மாற்றினேன். ஏர் எடுத்தேன், அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினேன். ஆனால் பெடல் முக்கால் தூரம் இறங்கிய பிறகுதான் பிடித்தது. மறுபடி ஏர் எடுத்தேன், அப்புறம் இன்னொரு தடவை. ஒரு லிட்டர் பிரேக் ஆயில் தீர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் வந்தார். ஸ்பேனர் எதையும் தொடவில்லை. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துப் பிடித்துவிட்டு, "இப்ப மிதிங்க தம்பி" என்றார். பெடல் மேலேயே கல் மாதிரி நின்றது.

பிரேக் பாகம் மாற்றிய பிறகு பெடல் இறங்கினால் நம் வாயில் முதலில் வரும் வார்த்தை 'ஏர்'. குற்றவாளிக் கூண்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்: பிரேக் ஷூவுக்கும் சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் நடுவே உள்ள இடைவெளி, பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல். மூன்றும் பெடலை இறக்கும், ஆனால் இறங்கும் விதம் வேறு வேறு.

காற்று உள்ளே இருந்தால் பெடல் ஸ்பிரிங் போலத் துள்ளும். ஊசி போடும் சிரிஞ்சில் காற்றை நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள், அதே உணர்வுதான். ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். இடைவெளி அதிகமானால் துள்ளல் இருக்காது. பெடல் சும்மா கீழே போய், திடீரென்று கெட்டியாகும். மாஸ்டர் சீல் போயிருந்தால், முதலில் பிடித்த பெடல், காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருந்தால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி நழுவும். அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் வைத்திருந்தாலே தெரிந்துவிடும். வெளியே எங்கும் ஆயில் கசியாமல் இப்படி நழுவினால் மாஸ்டர்தான். என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பெடல் கொஞ்சம் உள்ளே போவது மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் செய்யும் வேலை. அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

பெடலை நாலைந்து முறை பம்ப் செய்தால் மேலே வருகிறது, ஆகவே ஏர்தான் என்று பலர் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் நானும் ஏமாந்தேன். இடைவெளி இருந்தாலும் பம்ப் செய்தால் பெடல் மேலே வரும், ஏனென்றால் ஷூ திரும்பி உள்ளே போவதற்குள் அடுத்த மிதி விழுகிறது. மேலே வந்த பிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே வந்தும் மெத்தென்று இருந்தால் காற்று. கெட்டியாக இருந்தால் இடைவெளி.

ஆல்ட்டோ, வேகன்ஆர் போல முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள கார்களுக்கு அண்ணன் செய்த ஹேண்ட் பிரேக் சோதனையை விடச் சுலபமானது எதுவும் இல்லை. ஹேண்ட் பிரேக் கேபிள் அதே ஷூவைத்தான் விரிக்கிறது. அது விரிந்ததும் பெடல் உயர்ந்தால் பின்பக்க இடைவெளிதான் காரணம். உயரவில்லை என்றால் அப்புறம் ஏர் எடுக்கப் போகலாம்.

என் கதையில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. ஷூவை செட் செய்யாமல், அதாவது டிரம்மோடு உள்ள இடைவெளியைச் சரிசெய்யாமல், ஹேண்ட் பிரேக் கேபிளை முதலில் இறுக்கிவிட்டேன். அப்படி இறுக்கினால் உள்ளே இருக்கும் லீவர் முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்பாது. தானாக இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டரும் சரியாக வேலை செய்யாது. கேபிளைத் தளர்த்தி, ஷூவை செட் செய்து, அப்புறம்தான் கேபிளைத் தொட வேண்டும். இன்னொன்று: பழைய டிரம் தேய்ந்து விட்டம் கூடியிருந்தால் புது ஷூ நடுவில் மட்டும் தொடும். ஷூ டிரம்மோடு பழகும்வரை அதுவே மெத்தென்ற உணர்வைத் தரும். டிரம்மிலேயே அதிகபட்ச விட்டம் பொறித்திருப்பார்கள், அளந்து பாருங்கள்.

முன்னால் டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் மட்டும் மாற்றி, நிப்பிளையோ (ஏர் எடுக்கத் திறக்கும் சின்னத் திருகு) ஹோஸையோ திறக்கவில்லை என்றால் காற்று உள்ளே போக வழியே இல்லை. பிஸ்டனைப் பின்னால் தள்ளியதால் முதல் சில மிதிகள் காலியாகப் போகும், அவ்வளவுதான். வண்டியை நகர்த்துவதற்கு முன்பே மிதித்துப் பெடலை மேலே கொண்டுவந்துவிடுங்கள். பேடையும் பிஸ்டனையும் தாங்கும் கேலிப்பரை மாற்றியிருந்தால் வேறு கதை. இடது வலது மாறி மாட்டினால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும், காற்று மேலே தங்கிவிடும். எத்தனை லிட்டர் ஊற்றினாலும் போகாது.

சரி, காற்றுதான் என்று உறுதியானால் எப்படி எடுப்பது? இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட, 'மிதி, பிடி, விடு' என்று செய்யும் பழைய முறைதான் என் தேர்வு. குமிழி வருவது கண்ணுக்குத் தெரியும், செலவும் இல்லை. ஒரு ஆபத்து மட்டும் உண்டு. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடல் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் சீல் அங்கே போய்க் கிழியும். காற்றைத் துரத்தப் போய் மாஸ்டரையும் மாற்ற நேரும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டால் போதும். வேக்வம் பம்ப் தனியாக வேலை செய்பவர்களுக்கு வசதி, ஆனால் நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றையும் உறிஞ்சும். குமிழி நிற்கவே நிற்காது, நமக்குப் பைத்தியம் பிடிக்கும். நிப்பிளைத் திறந்துவைத்து ஆயிலைத் தானாக வடியவிடும் முறை நல்லதுதான், பொறுமை இருந்தால். ஆயில் டப்பா வற்றி ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் காற்று போய்விட்டால் இந்த மூன்றுமே போதாமல் போகலாம், ஸ்கேனர் வைத்து அதன் வால்வுகளைத் திறந்து மூடும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

என் காருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. கேபிளைத் தளர்த்தி, டிரம் லேசாக உரசிச் சுற்றும்வரை இரண்டு பக்கமும் அட்ஜஸ்டரைத் திருப்பினோம். ஹேண்ட் பிரேக் பன்னிரண்டு 'கிளிக்'கிலிருந்து ஆறுக்கு வந்தது, பெடல் பழைய உயரத்துக்கு வந்தது. அண்ணன் போன பிறகு மனசு கேட்காமல் இன்னொரு முறை ஏர் எடுத்துப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.