நான்கு சுவரா, ஒரு சுவரா, கதவு மட்டுமா? திருகோணமலை வீட்டுக்குக் கரும்பச்சை

கரும்பச்சை எனக்கு மிகவும் பிடித்த நிறம். அதனால்தான் கடலோர உப்புவெளியில் எங்கள் வீட்டு ஹோலின் நான்கு சுவர்களுக்கும் அதையே பூசினேன். முதல் மாரி முடிந்து சுவர் காயத் தொடங்கியபோது, தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை சாம்பல் தூவியதுபோல் வெள்ளை படர்ந்தது. பூச்சுக்குள் ஏறிய ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும்; நீர் ஆவியாகிவிடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். வெள்ளைச் சுவரில் இது கண்ணில் படாது. கரும்பச்சையில் வாசலில் நின்றாலே தெரியும். துணியால் துடைத்தேன், அடுத்த மாரிக்குப் பின் மீண்டும் வந்தது. ஈரம் ஏறும் வழியை அடைக்காமல் மேலே எத்தனை முறை பூசினாலும் காசுதான் கரையும்.

ஆகவே கடலோர வீட்டில் நான்கு சுவர்களுக்கும் கரும்பச்சை வேண்டாம் என்பதே என் முடிவு. வெளிச்சமும் ஒரு காரணம். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும், கரும்பச்சை பெரும்பகுதியை விழுங்கிவிடும். சிறிய யன்னல் உள்ள அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டிவரும். கன்னியாப் பக்கம் உள்ளே தள்ளி, ஈரமில்லாத சுவரும் அகலமான யன்னல்களும் கொண்ட படுக்கையறை என்றால் நான்கு சுவர்களுக்கும் தாராளமாகப் பூசலாம். அங்கே அந்த நிறம் தரும் அமைதி வேறு எதிலும் கிடைக்காது.

ஒரு சுவர் மட்டும் என்றால், வெளிப்புறம் மழை அடிக்காத உட்சுவராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கிழக்கு யன்னலுக்கு எதிர்ச் சுவர் மிகப் பொருத்தம். காலை வெயில் நேராக அதில் விழும்போது பச்சைக்கு உயிர் வந்துவிடும். மற்ற மூன்றும் பால்வெள்ளையாக இருக்கட்டும். பளபளப்பில்லாத மேட் பூச்சு மேசன் விட்ட மேடுபள்ளத்தை மறைக்கும், ஆனால் கை பட்ட இடமும் ஈரத்துணியால் தேய்த்த இடமும் தனியாக மினுங்கும். முழுப் பளபளப்போ கரணை போன தடத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இரண்டுக்கும் நடுவிலான சாட்டின்தான் சரி. கடும் நிறங்களைக் கலக்கக் கடையில் எடுக்கும் மூலப் பெயின்டில் வெள்ளை நிறமி மிகக் குறைவு என்பதால் இரண்டு கை, அதாவது இரண்டு முறை, பூசினாலும் சுவர் மூடாது. முதலில் சாம்பல் நிற பிரைமர் அடித்தால் மூன்றாம் கையோடு வேலை முடியும். புதிய சீமெந்துப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாட்கள் காயவிட வேண்டும்.

கதவு, யன்னலுக்கு மட்டும் எனாமல் கரும்பச்சை பூசுவது மலிவான வழி. கடற்காற்றில் ஆணி துருப்பிடித்து வழியும் பழுப்புக் கறை வெள்ளைக் கதவில் அசிங்கமாகத் தெரியும், பச்சையில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பழைய முதிரைக் கதவை மட்டும் தயவுசெய்து பெயின்டால் மூடாதீர்கள். அந்த மரத்தின் நிறத்துக்கு வார்னிஷ் போதும்.

இன்று எங்கள் ஹோலில் பச்சை ஒரு சுவரில்தான் இருக்கிறது. இம்முறை கடை அட்டையை நம்பி நிறம் எடுக்கவில்லை. சிறிய டின் ஒன்று வாங்கி, இரண்டடிப் பலகையில் பூசி, காலையிலும் இரவு விளக்கிலும் அந்தச் சுவரில் சாய்த்துப் பார்த்தேன். மஞ்சள் விளக்கில் ஒரு பச்சை சேற்று நிறமாகிவிட்டது. இன்னொன்று பச்சையாகவே நின்றது. அதைத்தான் வாங்கினேன்.