தந்தையைக் கொன்றவனுக்கு விடுதலை உண்டா? பௌத்தப் பாதைகள் தரும் வெவ்வேறு விடைகள்

பௌத்தப் பாதைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எது விரைவானது, எது கடினமானது என்று கேட்கிறார்கள். செய்துவிட்ட வினை ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கட்டிப்போடும் என்று கேட்டால் அவற்றின் வேறுபாடு இன்னும் தெளிவாகப் புலப்படும். அதைச் சோதித்துப் பார்க்க, தந்தை பிம்பிசாரனைக் கொன்று மகத அரியணையேறிய அஜாதசத்ருவைவிடப் பொருத்தமானவன் இல்லை.

பாலி நூல்களை அடிப்படையாகக் கொண்ட தேரவாத மரபின் விடை கறாரானது. பாலி மரபின் சாமஞ்ஞபல சுத்தம் என்னும் புத்தர் உரையில், முழுநிலவு இரவொன்றில் மருத்துவன் ஜீவகனின் மாந்தோப்பில் புத்தரைச் சந்திக்கும் அஜாதசத்ரு, குற்றத்தை ஒப்புக்கொண்டு சரணடைகிறான். அவன் சென்றபின், தந்தையைக் கொல்லாதிருந்தால் அவனுக்கு இந்த இருக்கையிலேயே தம்மக்கண், அதாவது உண்மையை நேரில் காணும் முதல் தெளிவு, திறந்திருக்கும் என்று புத்தர் பிக்குகளிடம் கூறுகிறார். தாயைக் கொல்லுதல், தந்தையைக் கொல்லுதல், முழு விடுதலை பெற்ற அருகதரைக் கொல்லுதல், புத்தரின் உடலில் குருதி வரச்செய்தல், சங்கத்தைப் பிளத்தல் ஆகிய ஐந்தும் இப்பிறவியில் பாதையை அடைத்து, அடுத்த பிறவியிலேயே நரகமாக விளையும் என்பது இம்மரபின் கொள்கை. பலரைக் கொன்ற அங்குலிமாலன் அருகதனாகிவிட, இவனுக்கு அந்த வாய்ப்பு இல்லாமற்போனதற்கு இதுவே காரணம். ஆனாலும் அந்த நரகம் முடிவற்றதன்று. அது தீர்ந்தபின் ஒரு காலத்தில் அவன் ஆசிரியரின்றித் தானே ஞானம் பெறும் பச்சேகபுத்தனாவான் என்று உரைநூல்கள் சொல்கின்றன.

எல்லா உயிர்களின் விடுதலையையும் நோக்கும் மகாயான மரபின் மகாபரிநிர்வாண சூத்திரம் இதே மன்னனை வேறுவிதமாக நடத்துகிறது. குற்ற உணர்வினால் உடலெங்கும் புண்ணாகித் துடிக்கும் அவனுக்காகப் புத்தர் தம் பரிநிர்வாணத்தையே, அதாவது இறுதி மறைவையே, தள்ளிவைக்கிறார். அவன் குணமடைவதோடு, எல்லா உயிருக்காகவும் புத்தராக உறுதிகொள்ளும் போதிசத்துவனுக்குரிய சித்தத்தையும் அடைகிறான். எல்லா உயிரிலும் புத்த இயல்பு, அதாவது புத்தராகும் ஆற்றல், உண்டு என்பதே இதற்கு அடிப்படை. ஆனால் மகாயானத்தார் அனைவரும் இதில் உடன்பட்டதாக எண்ணிவிடக் கூடாது. நன்மையின் வேரையே அறுத்துக்கொண்ட இச்சந்திகர்களும் புத்தராகலாம் என்று வாதிட்ட சீனத் துறவி தாவோஷெங் அதற்காகச் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். இதே சூத்திரத்துக்குத் தர்மக்ஷேமர் செய்து 421இல் முடித்த விரிவான சீன மொழிபெயர்ப்பு பின்னர் தாவோஷெங் இருந்த தெற்குச் சீனத்தை எட்டியபோதுதான் அவர் சொன்னது சரியென்று ஏற்கப்பட்டது. அதற்குப் பின்னரும், சில உயிர்களுக்கு அந்த வித்தே இல்லை என்று மனத்தை முதன்மையாக ஆராயும் யோகாசாரம் என்ற மகாயான மரபின் ஒரு பிரிவினர் கூறிவந்தனர்.

அமிதாப புத்தரின் தூய உலகமான சுகாவதியில் பிறப்பதை நாடும் சுகாவதி மரபு முயற்சியின் பொறுப்பையே மனிதனிடமிருந்து எடுத்துவிடுகிறது. அமிதாபரின் 18ஆவது சபதம் ஐந்து கொடும்பாவங்கள் செய்தோரையும் தர்மத்தை இகழ்வோரையும் விலக்குகிறது. ஆனால் அஜாதசத்ருவின் தாய் வைதேகிக்கு உபதேசிக்கப்பட்டதாக அமைந்த தியான சூத்திரமோ, அத்தகைய கொடும்பாவிக்கும் இறக்கும் வேளையில் அமிதாபரின் பெயரைச் சொல்வதால் சுகாவதியில் பிறப்பு உண்டு என்கிறது. ஜப்பானின் ஹியெய் மலை மடத்தில் 20 ஆண்டுகள் பயின்றும் மனம் தேறாத இம்மரபின் குரு ஷின்ரான் (1173–1263), அந்த விலக்கைப் பாவத்தின் கனத்தை உணர்த்தும் எச்சரிக்கையாகவே வாசித்தார். அஜாதசத்ருவின் கதையையும் தம் முதன்மை நூலில் நீளமாக மேற்கோள் காட்டினார். இதைப் பாவம் செய்வதற்கான உரிமமாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தனர். மாற்று மருந்து இருக்கிறது என்பதற்காக நஞ்சை விரும்பாதீர்கள் என்று அவர் கடிந்துகொள்ள வேண்டியிருந்தது.

குருவின் தீட்சை வழியே ஒரே பிறவியில் விடுதலை தேடும் வஜ்ரயானத்தில் இந்தச் சோதனைக்கு வருபவர் திபெத்தின் மிலரேபா. சூனியத்தால் உறவினர் பலரைக் கொன்றதாகக் கூறப்படும் அவரை, குரு மார்ப்பா கல் சுமந்து கோபுரங்கள் கட்டவும் இடிக்கவும் வைத்துப் பக்குவப்படுத்திய பின்னரே உபதேசித்தார். மிலரேபா அதே பிறவியில் விடுதலை பெற்றார். விரைவு இங்கே மெய்தான், ஆனால் குரு தவறானவராக அமைந்தால் அதைச் சரிசெய்யும் வழி இப்பாதைக்குள் மிகக் குறைவு. தியானத்தை மையமாகக் கொண்ட ஜென் மரபு இதற்குத் தனி விடை எதுவும் தருவதில்லை. தியானத்தில் அமர்வதே ஞானம் என்ற ஜப்பானிய ஜென் குரு தோகென்கூட வினைப்பயனை மறுக்கவில்லை.

சுகாவதியின் கருணை பெரிது என்றாலும், கொன்றவனைப் பற்றி மட்டுமே பேசும் விடையை முழுமையானதாக நான் ஏற்கமாட்டேன். பாலி மரபு கொல்லப்பட்டவனுக்கும் இடம் தருகிறது: பிம்பிசாரன் ஏற்கெனவே விடுதலைப் பாதையின் முதற்படியான சோதாபன்ன நிலையை அடைந்தவன், ஆகவே மகன் அவன் உயிரைப் பறித்தபோதும், அதிகபட்சம் ஏழு பிறவிகளுக்குள் அவனுக்கு உறுதியாகியிருந்த விடுதலையைப் பறிக்க முடியவில்லை.