குரோத் ஃபேக்டர் சீரம்: முகம் மெத்தென்று ஆகும், சுருக்கம் போகாது

இந்த சீரத்தைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள், அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 30 மில்லி பாட்டில் 1,900 ரூபாய். புதுச்சேரி மிஷன் வீதியில் ஒரு கடையில் வாங்கினேன், தீரும்வரை விடாமல் போட்டேன். முகம் மெத்தென்று ஆனது உண்மை. கண்ணோரச் சுருக்கம் அப்படியே இருக்கிறது, கன்னத்தில் மங்கு என்ற கருந்திட்டும் அப்படியே. திரும்ப வாங்க மாட்டேன். கம்பெனி பெயர் எழுதவில்லை, ஏனென்றால் இதே வாசகத்தோடு பல பெயரில் இதே சரக்கு விற்கிறது, கீழே சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். கடலூர் புழுக்கத்தில்கூடப் பிசுபிசுக்கவில்லை, வாசனை உறுத்தவில்லை, எரிச்சல் இல்லை. ஆனால் அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் தண்ணீருக்கு அடுத்து கிளிசரின், அப்புறம் ஹையலுரானிக் அமிலம், விலைக்குக் காரணமான இஜிஎஃப், அதாவது அந்த குரோத் ஃபேக்டர், பட்டியலின் கடைசியில். அதிகம் இருப்பதைத்தான் முதலில் போடுவார்கள். அந்த மெத்தென்ற தன்மை கிளிசரின் தருவது, சாதாரண மாய்ஸ்சரைசரிலேயே அது கிடைக்கும்.

கடையில் இருந்த பெண் "அக்கா, இது செல்லுக்கே சிக்னல் குடுக்கும், ஸ்கின் புதுசா வளரும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். இஜிஎஃப் என்பது உண்மையிலேயே தோல் செல்களைப் பெருகச் சொல்லும் ஒரு புரதம். ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க விஞ்ஞானி புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளுக்கு உமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டபோது அவற்றின் கண் இமைகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திறந்தன, அதைத் துரத்திப் போய்த்தான் இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார், 1986இல் ரீட்டா லெவி மொன்டால்சினியோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார். அறிவியல் அசல்தான். சிக்கல் அதை முகத்தில் தடவுவதில் இருக்கிறது.

இஜிஎஃப் வேலை செய்ய வேண்டுமானால் உயிருள்ள செல்லின் மேல் இருக்கும், சிக்னலை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் போய் உட்கார வேண்டும். பெருகும் செல்கள் மேல்தோலின் அடி வரிசையில் இருக்கின்றன, அவற்றுக்கு மேலே இறந்த செல்களால் ஆன ஒரு தடுப்பு. ஏறத்தாழ 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அளவு) மேற்பட்ட மூலக்கூறு அந்தத் தடுப்பைத் தாண்டுவது கஷ்டம். இஜிஎஃப்பில் 53 அமினோ அமிலங்கள், எடை சுமார் 6,000 டால்டன். பூட்டின வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற கதைதான். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு இஜிஎஃப் ஜெல் கொடுக்கிறார்கள், அது சரி, புண்ணில் அந்தத் தடுப்பே கிடையாது. அதைக் காட்டி காயமில்லாத தோலுக்கு விற்பதுதான் எனக்குக் கோபம்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. வளர்ச்சி சிக்னலை ஏற்றிவிட்டால் இளமை வரும் என்ற கணக்கே தப்பு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் இஜிஎஃப் இல்லாமலேயே இதே ஏற்பி விழித்துக்கொள்கிறது, சிக்னல் செல்லுக்குள் இறங்கி ஏபி-1 என்ற புரதத்தைக் கிளப்பிவிடுகிறது, அது கொலாஜனை, அதாவது தோலை இறுக்கமாக வைத்திருக்கும் புரதத்தை, வெட்டும் நொதிகளைச் செய்யச் சொல்கிறது. அதே சமயம் புதுக் கொலாஜனுக்கு உத்தரவு போடும் டிஜிஎஃப்-பீட்டா பாதை மந்தமாகிறது. பழையது உடைகிறது, புதியது வரவில்லை, சுருக்கம் விழுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1990களில் இதைக் காட்டினார்கள், அதிலும் தோல் சிவக்காத அளவு கதிரே இதற்குப் போதும் என்பதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்லுக்குள் இருக்கும் எம்டார் என்ற வளர்ச்சிப் பாதையும் அப்படித்தான், ராபாமைசின் என்ற மருந்து கொடுத்து அதைத் தணித்த எலிகள் அதிக காலம் வாழ்ந்தன என்று 2009இல் ஓர் ஆய்வு வந்தது.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினம் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். காலையில் வடக்கே போகும்போது கிழக்கு வலப்பக்கம், சாயந்திரம் தெற்கே திரும்பும்போது மேற்கும் வலப்பக்கம். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் எல்லாம் தாண்டி அரியாங்குப்பம்வரை வலது ஜன்னல்காரரின் ஒரே கன்னத்தில்தான் இரண்டு வேளை வெயிலும். கண்ணாடியை மூடினாலும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் உள்ளே வரும். இந்த சீரத்தைப் போட்டுக்கொண்டு சன்ஸ்கிரீன் போடாமல் அந்த சீட்டில் உட்கார்ந்தால் 1,900 ரூபாய் தண்டம்.

சிக்னலை மாற்றும் பொருள் நிஜமாகவே வேண்டும் என்றால் டிரெட்டினாயின் இருக்கிறது, வைட்டமின் ஏ வகை, 300 டால்டன்தான். தோலுக்குள் இறங்கி, செல்லின் உட்கருவிலுள்ள ஏற்பியைப் பிடித்து, அந்த ஏபி-1ஐ அடக்குகிறது, கொலாஜன் உற்பத்தியையும் தூக்குகிறது. வெயிலில் முதிர்ந்த தோலுக்கு இது உதவுவதை ஆல்பர்ட் கிளிக்மன் குழு 1986இலேயே எழுதிவிட்டது. இந்த சீரத்தைவிட விலை ரொம்பக் குறைவு. முதலில் வறளும், உரியும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், ராத்திரி மட்டும்தான், கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது. அதனால் டாக்டர் சீட்டோடுதான் வாங்க வேண்டும். கோரிமேடு ஜிப்மரில் தோல் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் "சீக்கிரம் வெளுக்கும்" என்று நீட்டும் ஸ்டீராய்டு கிரீம் மட்டும் வேண்டாம். அதுவும் செல்லுக்கு சிக்னல்தான் கொடுக்கிறது, கொலாஜனை நிறுத்தச் சொல்லும் சிக்னல், தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும்.

சீரத்துக்கு என் மதிப்பெண் 5க்கு 2, இரண்டும் கிளிசரினுக்கு. அந்தப் பணத்தில் எஸ்பிஎஃப் 50, பிஏ++++ (யுவிஏ தடுப்பின் அளவு) என்று போட்ட சன்ஸ்கிரீன் இரண்டு டியூப் வாங்கலாம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் எடுங்கள், மதியம் வெளியே போவதாக இருந்தால் இன்னொரு முறை போடுங்கள்.