தைராய்டு ஸ்கேனுக்காக மதுரைக்கு இரண்டு நடை

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. ஸ்கேனுக்கு ஐந்து, போனில் பதில் சொன்ன லட்சணத்துக்கு இரண்டு. மதுரையில் இருக்கிற ஸ்கேன் சென்டர். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எனக்குக் கருவாட்டு வியாபாரம். தை மாதத்திலிருந்து நெத்திலியைத் தட்டில் அள்ளிப் போடும்போதே கை வெடவெடவென்று நடுங்கும், பாதி கீழே சிந்தும். ராத்திரி படுத்தால் நெஞ்சு விசைப்படகு இஞ்சின் மாதிரி அடிக்கும். வேளைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டும் நாலு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டேன். சுகர் என்றார்கள், மாதவிலக்கு நிற்கிற வயசு என்றார்கள். வயிற்றில் ஏதாவது இருக்குமோ என்று மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேனும் எடுத்தாயிற்று. அதில் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் தைராய்டு பார்க்க எழுதிக் கொடுத்தார். டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்கிற ஹார்மோன், தைராய்டு கூடினால் இது குறையுமாம். சாதாரணமாக 0.4க்கு மேல் இருக்க வேண்டுமாம். எனக்கு 0.01கூட இல்லை.

"எனக்கும் தைராய்டுதானே, இந்தா" என்று அத்தாச்சி தன் மாத்திரை அட்டையையே நீட்டினார். நல்லவேளை, போடவில்லை. அவருக்குச் சுரப்பது குறைவு, எனக்குக் கூடுதல். அதைப் போட்டிருந்தால் எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றிய கதைதான்.

தைராய்டு சுரப்பைக் குறைக்கிற கார்பிமசோல் மாத்திரையை டாக்டர் உடனே எழுதவில்லை. படபடப்புக்கு மட்டும் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு, ஏன் கூடியிருக்கிறது என்று தோண்ட ஆரம்பித்தார். முடி கொட்டுகிறதே என்று நான் பயோட்டின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அது ரத்தப் பரிசோதனையையே ஏமாற்றிவிடுமாம். நாலு நாள் நிறுத்தச் சொல்லி மறுபடி எடுத்தார். டி.எஸ்.எச். அதே குறைவுதான். "பாசி எடுக்கப் போவீர்களா?" என்றும் கேட்டார். சின்ன வயசில் அம்மாவோடு கஞ்சிப்பாசி எடுத்ததைச் சொன்னேன். கடலில் எடுப்பதால் ஒன்றுமில்லையாம், தின்றால்தான் அயோடின் ஏறித் தைராய்டைக் கூட்டலாமாம். நாங்கள் எங்கே தின்றோம், எல்லாம் வியாபாரிக்குப் போகும்.

அப்புறம் அவர் பேப்பரில் படம் போட்டுச் சொன்னது இது. ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பொருள் தூண்டிவிட்டு மொத்தச் சுரப்பியும் கூடுதலாக வேலை செய்யலாம். அதற்கு கிரேவ்ஸ் என்று பேர். அப்படியானால் ஒன்றரை வருஷம் மாத்திரை போட்டுச் சிலருக்கு அடங்கிவிடும். சுரப்பி அழற்சியில் வீங்கி, சேர்த்து வைத்ததைக் கசியவிட்டால் கார்பிமசோலே வேண்டாம், பெரும்பாலும் தானாகவே தணியும். ஒரு கட்டி மட்டும் தன்னிஷ்டத்துக்குச் சுரந்தால் மாத்திரை அடக்கி வைக்கும், நிறுத்தினால் திரும்ப வரும். எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனையில் கிரேவ்ஸ் தெரியவில்லை. அல்ட்ரா சவுண்டில் இடப்பக்கம் 2.8 செ.மீ. கட்டி. சுரப்பது அந்தக் கட்டிதானா என்று பார்க்கத்தான் மதுரை.

போன் பண்ணினேன். "காலையில வாங்கம்மா" என்று ஒரு தம்பி சொன்னதோடு சரி. விடியுமுன் பஸ் ஏறி, பரமக்குடி, மானாமதுரை எல்லாம் தாண்டி, அங்கே போய் உட்கார்ந்தால் ஸ்கேன் எடுக்கிற பொண்ணு கேட்கிறது: "சமீபத்தில் மருந்து ஏற்றி சி.டி. எடுத்தீங்களா அக்கா?" எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்த மருந்தில் அயோடின் இருக்கிறதாம். சுரப்பி அதிலேயே நிறைந்து கிடப்பதால் இப்போது எடுத்தால் படம் பொய் சொல்லும், எடுத்து ஆறு வாரமாவது ஆகட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காசை வாங்கிக்கொண்டு எதையாவது எடுத்துக் கொடுத்திருந்தால் எனக்குத் தெரியவா போகிறது? அந்த நேர்மைக்குத்தான் ஐந்து. ஆனால் இதையே போனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நாள் வியாபாரமும் பஸ் காசும் மிச்சம்.

இரண்டாம் நடையில் எல்லாம் சட்டென்று முடிந்தது. கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுக் கை நரம்பில் டெக்னீசியம் என்கிற கதிர்வீச்சு மருந்து ஊசி. இருபது நிமிஷம் உட்கார வைத்தார்கள். கூண்டுக்குள் தள்ளுகிற மெஷின் இல்லை. தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை அண்ணாந்து படுத்தால் மேலே ஒரு கேமரா, அவ்வளவுதான். கதிர்வீச்சு என்றதும் பயந்த வீட்டுக்காரரிடம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னார்கள். ஏசி குளிரில் மற்றவர்கள் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருக்க, எனக்கு மட்டும் சொர்க்கம். அதுவும் இந்த நோயின் குணம்தானாம்.

படத்தைப் பார்த்தால் நமக்கே புரிகிறது. இடப்பக்கம் ஊசி மருந்தை இழுத்துக் கரியாக ஒரு உருண்டை, மற்ற இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது. கட்டியேதான். கட்டியை அடக்கக் கதிர்வீச்சு அயோடின் மருந்து குடிப்பதா, ஆபரேஷனா என்று புதன்கிழமை டாக்டர் சொல்வார்.

பில் 3,200 ரூபாய். ரிப்போர்ட் சாயங்காலம் நாலு மணிக்கே கையில் கிடைத்துவிட்டது. போகிறவர்கள் போனிலேயே சி.டி. எடுத்த தேதியையும் சாப்பிடுகிற மாத்திரைகளையும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள், அந்தத் தம்பி கேட்க மாட்டார்.