செடி வைத்த தொட்டியில் எத்தனை மீன்? சேலம் ஏற்காடு சாலைக் கடை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

சேலத்தில் வண்ணமீன் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் உயிருள்ள நீர்ச்செடிகளை முதன்மையாக வைத்து, தொட்டியில் வளர்ந்திருக்கும் செடியைப் பார்த்த பிறகே மீனின் எண்ணிக்கையைச் சொல்லும் கடை என்று எனக்குத் தெரிந்து இருப்பது, அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு போகும் வழியில் உள்ள இந்தச் சிறிய கடை ஒன்றுதான். தொட்டி அமைப்பது, செடி நடுவது, மீன் விடுவது ஆகிய மூன்றையும் போதிய இடைவெளி விட்டுச் செய்து தருகிறார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் இரண்டடித் தொட்டியும் இவர்கள் அமைத்துக் கொடுத்ததே.

செடி நட்ட கையோடு இங்கே மீன் வாங்க முடியாது என்பதைத்தான் இந்தக் கடையின் முதற்சிறப்பாகச் சொல்வேன். "செடி நிறைய இருக்குல்லண்ணா, ஒரு முப்பது கப்பி மீன் குடுங்க" என்று கேட்ட கல்லூரி மாணவர் ஒருவரிடம், "தம்பி, நட்ட செடி இன்னும் வேரே பிடிக்கல. புது இலை விடட்டும், அப்புறம் ஆறு மீன்ல ஆரம்பிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் கடைக்காரர். அவர் சொன்னதில் தவறேதும் இல்லை. பண்ணைகளில் பல நீர்ச்செடிகளைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். அவற்றை மூழ்கவைக்கும்போது பழைய இலைகள் கரைந்து உதிர்வது இயல்பு. அழுகும் அந்த இலைகளே தண்ணீரில் மீனுக்குக் கேடான அமோனியாவைக் கூட்டுமாதலால், நட்ட முதல் சில வாரங்களில் செடி தொட்டிக்கு உதவி அன்று, கூடுதல் சுமைதான்.

வேர் பிடித்து வளரத் தொடங்கிய செடியின் நிலை வேறு. மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் வெளிவிடும் அமோனியாவை பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்தச் சுழற்சி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பெரும்பாலான நீர்ச்செடிகளோ நைட்ரேட்டைவிட, அமோனியா நீரில் எடுக்கும் நஞ்சு குறைந்த வடிவமான அம்மோனியத்தையே விரும்பி எடுத்துக்கொள்கின்றன. சேலத்துக்காரர்களுக்கு இது மிகவும் பயன்படும் செய்தி. நம் ஊர்ப் பகுதிகள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, காரத்தன்மை மிக்கது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 உள்ள நீரில் மொத்த அமோனியாவில் ஏறத்தாழ 0.6 சதவீதம்தான் மீனுக்கு நஞ்சாகும் வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதே மீன், அதே தீவனம், ஆனால் ஆபத்து ஒன்பது மடங்கு.

எந்தச் செடி என்பதும் இங்கே எண்ணிக்கையை மாற்றும். கடையின் முன்வரிசையில், விளக்கொளியில், விலை கூடிய அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் இருக்கின்றன. பார்வைக்கு அழகானவை, நீண்ட நாள் தாங்குபவை, ஆனால் மெதுவாக வளர்பவை. மெதுவாக வளரும் செடி மெதுவாகத்தான் கழிவையும் உறிஞ்சும். தொட்டியைத் தூய்மைப்படுத்தும் செடிகள் பின்கட்டில் பிளாஸ்டிக் தொட்டிகளில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் ஹார்ன்வோர்ட், வாலிஸ்நேரியா, வேலம்பாசி ஆகியவை. நுனியில் விரல் வைத்தால் மெத்தென்று, மற்ற பகுதியைவிட வெளிர்பச்சையாக இருக்கும் ஹார்ன்வோர்ட்டைத் தேர்ந்தெடுத்து எடுங்கள். அதுதான் வளர்ந்துகொண்டிருக்கும் கட்டு. இந்த மூன்று செடிகளுக்கும் கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறன் உண்டு. எனவே மேக்னசைட் கனிமம் வெட்டும் நம் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கத்துத் தண்ணீரிலும், கரியமிலவாயு சிலிண்டர் இல்லாமலே நன்றாக வளர்கின்றன. கேட்டால் கடைக்காரர் இதையெல்லாம் பொறுமையாக விளக்குகிறார். கேட்காதவர்கள் முன்வரிசையைப் பார்த்து வாங்கிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

இனி எண்ணிக்கை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி விளிம்பு வரை ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். அடிமணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர்தான் மிஞ்சும். ஒரு கேலனுக்கு (ஏறத்தாழ 3.8 லிட்டர்) ஓர் அங்குல மீன் என்ற பழைய கணக்கைப் போட்டால் ஏறக்குறைய பன்னிரண்டு அங்குலம், அதாவது பத்து ஆண் கப்பிகள். செடி அடர்ந்த தொட்டியில் இதை இரட்டிப்பாக்கலாம் என்று பல கடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தக் கடைக்காரர் எங்கள் தொட்டியின் பின்கண்ணாடியில் மார்க்கரால் "45 லி - 10 ஆண்" என்று எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். காரணம் இரவு. விளக்கு அணைந்தபின் செடியும் மீனைப்போலவே ஆக்சிஜனை எடுத்துக் கரியமிலவாயுவை விடுகிறது. ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்களுக்கும் விடியும்வரை ஆக்சிஜன் தேவை. கடல்மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை தாங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை மாதச் சேலத்தில் நள்ளிரவில் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றுவிட்டால், செடி அடர்ந்த தொட்டியே முதலில் மூச்சுத் திணறும். செடிகள் கழிவுக்கான எல்லையை உயர்த்தினாலும் விடியற்காலை ஆக்சிஜனுக்கான எல்லையை உயர்த்துவதில்லை; மீனின் எண்ணிக்கையை இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காலையில் விளக்குப் போடுவதற்குமுன் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறார். இவ்வளவு எளிய சோதனையை வேறு எந்தக் கடையிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆண் மீன்களை மட்டும் தருவதிலும் நியாயம் இருக்கிறது. பெண் கப்பி மாதத்துக்கு ஒருமுறை இருபது, முப்பது என்று குஞ்சு போடும். செடியில்லாத தொட்டியில் பெரும்பாலான குஞ்சுகளைப் பெரிய மீன்களே தின்றுவிடும். ஹார்ன்வோர்ட் அடர்ந்த தொட்டியில் அவை ஒளிந்து பிழைத்துவிடும். நாம் கூட்டாமலே கூட்டம் கூடிவிடும்.

நான் உடன்படாத இடம் ஒன்று உண்டு. ஏற்காட்டிலிருந்து வருபவர்களிடம், அங்கே குளிர்ச்சி, அதனால் இன்னும் நாலைந்து மீன் சேர்த்து விடலாம் என்கிறார்கள். குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜன் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் அங்கே நீரில் கரையும் ஆக்சிஜனும் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. அங்கே 20 டிகிரி நீர் தாங்குவது, சேலத்தின் 30 டிகிரி நீர் தாங்குவதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். வெப்பமண்டல மீன்களுக்காக ஹீட்டர் வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் சேலத்தைவிடவும் குறைந்துவிடும். போதாததற்கு, ஹீட்டர் இல்லாத குளிர்நீரில் செடியின் வளர்ச்சியும் பாக்டீரியாவின் வேலையும் மந்தமாகும். ஆகவே மலையில் தொட்டி வைப்பவர்கள் கடைக்காரர் சொல்லும் அந்தக் கூடுதல் மீன்களை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

மற்றபடி சிறு குறைகள்: அமோனியா சோதிக்கும் சொட்டுமருந்து பெரும்பாலும் இருப்பில் இல்லை. பாசி தின்னும் என்று சக்கர் மீனை இங்கேயும் விற்கிறார்கள். ஓரடிக்குமேல் வளரும் அந்த மீனுக்கு இரண்டடித் தொட்டியில் இடமே கிடையாது.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் இவர்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம். செடி உறிஞ்சிய கழிவு, தழையை வெட்டி வெளியே எடுக்கும்போதுதான் தொட்டியை விட்டுப் போகிறது. வெட்டாமல் விட்டால் அடியிலைகள் அழுகி எல்லாம் தண்ணீருக்கே திரும்பிவிடும். வெட்டிய தழையை மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ போடாதீர்கள். ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோனால், நல்ல கட்டாக இருக்கும்வரை கடையிலேயே வாங்கிக்கொண்டு, மீன் தீவனம் தருகிறார்கள்.