காந்தி நகர் மாடியில் முதியோர் கணினி வகுப்பு: மூன்று மாத அனுபவம்

பணி ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் வங்கியில் ஒரு விண்ணப்பத்துக்காக நின்றபோது, முகப்பில் இருந்தவர், ‘வீட்டில் சின்னப் பிள்ளைகள் யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள்’ என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, ஆனாலும் அந்தச் சொல் பாலாற்றுப் பாலம் தாண்டி வீடு வரும்வரை கூடவே வந்தது. அடுத்த வாரமே காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் கணினி வகுப்பில் சேர்ந்தேன். சேர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாதம் 800 ரூபாய். ஒரு வகுப்பில் ஆறு பேர்தான். வேலூர் வெயிலுக்கு அஞ்சிக் காலை 7 மணிக்கே தொடங்கிவிடுகிறார்கள்.

கற்பிப்பவர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. எங்களை ‘ஐயா’, ‘அம்மா’ என்றே அழைக்கிறார். ‘தாத்தா’ என்று கொஞ்சுவதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. மாணவர் கையிலிருக்கும் மவுஸை அவர் ஒருபோதும் வாங்குவதில்லை. வீட்டில் என்றால், ‘குடுங்க, நான் பண்ணித் தரேன்’ என்று பேரன் போனை வாங்கி நான்கு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுப்பான். வேலை முடிந்திருக்கும், நமக்கோ ஒன்றும் விளங்கியிருக்காது. இவரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ‘வலது மேல் மூலையில் என்ன தெரிகிறது, ஐயா?’ என்று கேட்டுவிட்டு, நாம் தேடிக் கண்டுபிடிக்கும்வரை, சில நேரம் முழுதாக இரண்டு நிமிடம், பேசாமல் நிற்கிறார்.

எனக்குக் கை நடுக்கம் உண்டு. இரட்டைக் கிளிக் செய்யப் போனால், இரண்டாவது தட்டுக்குள் அம்புக்குறி நகர்ந்து, கோப்பு திறக்காமல் வேறிடத்துக்கு இழுபட்டுப் போகும். போகப்போகப் பழகிவிடும் என்று அவர் ஆறுதல் சொல்லவில்லை. கண்ட்ரோல் பேனலில் கிளிக் வேகத்தைக் குறைக்கும் இடத்தைக் காட்டி, என் கையாலேயே குறைக்க வைத்தார். அதுவும் போதாத நாட்களில், ஒரே தட்டில் கோப்பைத் தேர்ந்துகொண்டு என்டர் விசையை அழுத்தினால் திறந்துவிடும் என்றார். இன்றுவரை அப்படித்தான் திறக்கிறேன்.

தமிழில் தட்டச்சு செய்ய, தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைக் கற்பிக்கிறார். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை அழுத்தினால் ‘அம்மா’ வந்துவிடுகிறது. இடையில் வரும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது. வேலூர் சைதாப்பேட்டையிலிருந்து வரும், வீட்டில் உருது பேசும் அம்மையார் ஒருவர், அந்தப் புள்ளி வருவதைப் பார்ப்பதற்காகவே அச்சொல்லை மூன்று முறை அழித்து அழித்து அடித்தார். அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்ற இன்னொருவருக்குப் பழைய தட்டச்சுப் பொறியின் எழுத்து வரிசை விரல்களில் ஊறியிருந்ததால், அவருக்கு மட்டும் அந்த வரிசையையே அமைத்துக் கொடுத்துவிட்டார்.

யுபிஐ பாடத்தில், நமக்கு வரும் பணத்தைப் பெறப் பின் எண் தேவையே இல்லை என்பதை அலுக்காமல் சொன்னார். மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை எங்கள் நாட்குறிப்பில் எங்கள் கையெழுத்திலேயே எழுத வைத்தார். ஆனால், எங்களில் பாதிப் பேர் வந்ததே ஓய்வூதிய உயிர்வாழ் சான்றுக்காக. அந்தச் சான்றை மின்னணு முறையில் பெற 2014-இல் தொடங்கி, 2021 முதல் முகத்தைக் காட்டியே பெறும் வசதியும் வந்துவிட்ட ஜீவன் பிரமாண் திட்டத்தை ஒரே வகுப்பில் ஓட்டிவிட்டது குறைதான். எனக்கு இன்னொரு நாள் தேவைப்பட்டது.

மாடிப்படி செங்குத்தானது, ஒரு பக்கம் மட்டுமே கைப்பிடி உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் முதலில் போய்ப் பார்த்துவிட்டுச் சேரலாம். பாடக் குறிப்புகளின் எழுத்தும் முதல் மாதம் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. சொன்னோம், அடுத்த வாரமே பெரிய எழுத்தில் புதிய தாள்கள் வந்தன. அவற்றை அடித்துக் கொடுத்தவர் எங்கள் வகுப்பின் அந்தத் தட்டச்சர்.