செய்முறை சிறப்பு, மருத்துவமனைப் பயிற்சி போதாது: வடசென்னையில் ஓர் இ.எம்.டி. பயிற்சி நிலையம்

தண்டையார்பேட்டையில் இயங்கும் தனியார் நிலையம் ஒன்றில், ஆம்புலன்ஸில் நோயாளியுடன் செல்லும் அவசரகால மருத்துவ உதவியாளர் (இ.எம்.டி.) பணிக்கான ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பை அண்மையில் முடித்தேன். நான் இங்கே சொல்லும் குறைகள் வேறு சில நிலையங்களிலும் உண்டென்று அங்கே படித்த நண்பர்கள் கூறுவதால், ஒன்றை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது நியாயமாகாது என்று கருதுகிறேன்.

இந்நிலையத்தின் பெரும் பலம் செய்முறைப் பயிற்சி. இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் சி.பி.ஆர். முதலுதவியைச் செய்யும்போது வயது வந்தவரின் மார்பு 5 முதல் 6 செ.மீ. வரை அமுங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு தர வேண்டும் என்பதையெல்லாம் புத்தகத்திலேயே படித்துவிடலாம். ஆனால் ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுமையாக மேலெழும்படி கையின் பாரத்தை விட வேண்டும் என்பதும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் செய்பவர் அறியாமலேயே ஆழம் குறைந்துவிடும் என்பதும் பயிற்சிப் பொம்மையின் மீது வியர்க்க வியர்க்கச் செய்தால்தான் உடம்புக்குப் புரிகின்றன. எங்கள் பயிற்றுநர் பொம்மையைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடத்தி, அங்கிருந்து அதைக் கடினமான தரைக்கு இழுத்து வந்து தொடங்கச் சொல்வார். பத்தடி அறையில் ஒரு குடும்பமே வாழும் பகுதியில் வேலை செய்யப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இருக்க முடியாது.

பாடங்கள் இந்த ஊரைப் பார்த்து அமைக்கப்பட்டிருப்பது என்னை மிகவும் கவர்ந்தது. வாரியக் குடியிருப்புகளின் குறுகிய படிக்கட்டுகளில் நோயாளியைத் தலை தாழாமல் இறக்குவது, வண்டி நுழைய முடியாத காசிமேட்டுச் சந்துகளில் எந்தெந்தப் பொருள்களை முதல் நடையிலேயே கையில் எடுத்துச் செல்வது, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மோதி விழுந்தவரின் ஹெல்மெட்டை ஒருவர் கழுத்தைத் தாங்க மற்றொருவர் கழற்றுவது என ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் இரவோடு இரவாக வீடுகளை விட்டு வெளியேறிய நிகழ்வை முன்வைத்து ஒரு தனி வகுப்பே நடந்தது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்தில் வண்டியை நிறுத்துவது, நச்சு படிந்த உடையைக் களைந்து கண்களையும் தோலையும் நிறைய நீரால் கழுவுவது, உரிய பாதுகாப்பு உடையின்றி உள்ளே ஓடித் தானும் நோயாளியாகிவிடாமல் இருப்பது ஆகியவற்றை அங்கே கற்றோம்.

உறவினரிடம் பேசும் முறைக்கும் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பக்கவாத அறிகுறியோடு ஒருவர் கிடக்கும்போது, “அம்மா, இவர் கடைசியாக எத்தனை மணிக்கு நல்லபடியாகப் பேசினார்?” என்று பதற்றம் கூட்டாமல் கேட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியிருப்பதால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுள் அதுவும் ஒன்றாக இருக்கும்.

இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, மருத்துவமனைப் பயிற்சியில் எங்களைக் கைவிட்டார்கள் என்பதே என் வருத்தம். பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவதாகச் சேர்க்கையின்போது கூறியவர்கள், ஒரு சிறிய நர்சிங் ஹோமுக்கே அனுப்பினார்கள். இரத்த அழுத்தம் பார்ப்பதிலும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதிலும் அங்கே நாள்கள் கழிந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை என அவசரத்தின் அளவுக்கேற்ப நோயாளிகளைத் தரம் பிரிக்கும் முறையைத் திரையில் மட்டுமே பார்த்தோம். ஆம்புலன்ஸில் உடன் செல்லும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஓடும் வண்டியில் நின்றபடி செயற்கை மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே, நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் திரையைக் கவனிக்கும் பழக்கம் வகுப்பறையில் வந்துவிடாது.

இதைவிடக் கடுமையாகக் கண்டிக்க வேண்டியது, ‘108-இல் வேலை உறுதி’ என்று அச்சிட்ட துண்டறிக்கை. தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கிவரும் 108 சேவைக்கான ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில், மருத்துவ உதவியாளர் பணிக்கு நர்சிங் படிப்புகள், மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்பான டி.எம்.எல்.டி., உயிரியல் சார்ந்த இளநிலைப் பட்டங்கள் போன்றவையே தகுதிகளாகக் கேட்கப்பட்டு வந்திருக்கின்றன. தேர்வு பெறுபவர்களுக்கு அச்சேவையை நடத்தும் நிறுவனமே தனியாகப் பயிற்சியும் அளிக்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தும் பெற்றோரிடம் இதை மறைப்பது பெரும் அநீதி. பிளஸ் டூவில் அறிவியல் படித்த பிள்ளைகள், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பை முதலில் விசாரிப்பது நல்லது.

கட்டணத்தைத் தவணையில் செலுத்தலாம்; மாலை வகுப்பும் உண்டு. ஏற்கெனவே நர்சிங் முடித்தவர்களுக்கும், தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே கற்க விரும்புபவர்களுக்கும் இந்நிலையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிளஸ் டூ முடித்த கையோடு இந்தச் சான்றிதழ் ஒன்றையே நம்பி வருபவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சேர்வதென்று முடிவு செய்தால், எந்த மருத்துவமனையில் எத்தனை வாரம் பயிற்சி என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முதல் தவணையைச் செலுத்துங்கள்.